வெங்காயம் உரித்த வாரம்

குரு என்றால் தாடியும் காவியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊசிமலை அடிவாரத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பவர் மரகதம் என்கிற பெண்மணி. நாற்பதைத் தாண்டியிருக்கலாம். சாயம் போன வாயில் புடவை, மூக்கில் நிற்காமல் நழுவும் கண்ணாடி. வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

உபதேசம் கேட்கலாம் என்று வருகிறவர்களும் ஏமாந்துதான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மணி அடிப்பார். வந்தவர்கள் தகரக் கொட்டகைக்குள் பாய் விரித்து, கண்ணை மூடி உட்காருவார்கள். அக்கா கண்ணை மூட மாட்டார். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மதியச் சமையலுக்கு மொச்சை உரிப்பார். இல்லாவிட்டால் கிழிந்த தலையணை உறையைத் தைப்பார். உச்சி வேளையில் மறுபடி மணி அடிப்பார். சாப்பிட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இதற்காகக் கோபியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வருஷக்கணக்காக வந்துகொண்டிருப்பவர் அறவாழி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், ஐம்பதை நெருங்குகிறவர். அவர் மரகதத்தை அக்கா என்பார், மரகதம் அவரை அண்ணா என்பார். இதில் எது சரி என்று யாரும் விசாரித்ததில்லை. ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாரம் ஒருநாள் அவரே பத்துப் பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறார். மனசை அடக்குவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் சொக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு முதல் பஸ்ஸா?"

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமுங்க அக்கா. நிறைமதியை ஹாஸ்டல்ல சேர்த்தறலாம்னு இருக்கறனுங்க. நீங்க சரின்னு சொல்லிட்டா மனசுக்கு நிம்மதி."

நிறைமதி அவருடைய ஒரே மகள். பத்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

"எதுக்கு ஹாஸ்டல்?"

"படிப்பு ஏறலீங்க. உட்கார்ந்தா நிலைச்சு உட்கார மாட்டேங்கறா."

அறவாழி சொல்ல ஆரம்பித்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. பென்சில் எடுக்க எழுந்து போவாள். போகிற வழியில் பூனையைப் பார்ப்பாள். பூனை பக்கத்து வீட்டுச் சுவர் ஏறும், இவளும் ஏறுவாள். பென்சில் என்ன ஆனது என்று பூனைக்கும் தெரியாது. தண்ணீர் பாட்டிலைத் தொலைப்பாள், புதிதாக வாங்கிய பாட்டிலையும் தொலைப்பாள். மூன்று வேலை சொன்னால் முதல் வேலையில் பாதி நடக்கும். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லுவாள், அதுவும் வேறு கேள்விக்கு.

"ஆனா மண்டு இல்லீங்க. போன மாசம் வீட்டு டேபிள் ஃபேனைக் கழட்டிப் போட்டா. நானே பயந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாட்டி ஓட விட்டுட்டா. சாப்பிடக் கூப்பிட்டது காதுலயே விழலை. அதுக்கு மட்டும் மனசு நிக்குதுங்களே, கணக்குக்கு ஏன் நிக்க மாட்டேங்குது? வேணும்னே பண்றான்னுதானே அர்த்தம்?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். அவர் ஏ.டி.எச்.டி. என்றார். மூளை வேலை செய்கிற விதமே அப்படி, அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டிலும் சிலதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். மாத்திரையை அறவாழி ஒருநாள் விடாமல் கொடுத்து வந்தார். மாற்றிக்கொள்ள வேண்டியது மகள் மட்டும்தான் என்று எப்படியோ எடுத்துக்கொண்டார்.

"மாத்திரை கொஞ்சம் கேக்குதுங்க. இல்லைன்னு சொல்லலை."

"அது டாக்டர் பாடு. அவரைக் கேக்காம நிறுத்திப்போடாதீங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

அறவாழியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"தனி ரூம் ஒண்ணு ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்கறனுங்க. மாடியில. நாலு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு காலண்டர்கூட மாட்டலை. மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கேன். ஜன்னல் முதுகுப் பக்கம். கதவைச் சாத்திட்டா ஒரு சத்தம் வராது."

தியானம் தெரிந்தவர் அல்லவா. மனசு ஒருமைப்பட வேண்டும் என்றால் தனிமை வேண்டும், அமைதி வேண்டும், கண்ணை இழுக்க எதுவும் இருக்கக்கூடாது என்று மண்டபத்தில் பத்துப் பேருக்குச் சொல்வதை, மகளுக்குச் செங்கல் வைத்துக் கட்டியே கொடுத்துவிட்டார்.

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க, நான் மாடிப்படியில நின்னுக்குவேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா கதவைத் தட்டி ஆச்சான்னு கேட்பேன். உள்ள போய்ப் பார்த்தா ஒரு வரி எழுதியிருக்காது. அழிரப்பரைத் துண்டு துண்டா பிச்சு வரிசையா அடுக்கி வெச்சிருப்பா. எனக்கு வர்ற கோவத்துக்கு... உனக்குன்னு தனி ரூம் குடுத்திருக்கு, காத்து வருது, சத்தம் இல்லை, இதுக்கு மேல என்னதான் வேணும் உனக்குன்னு கத்தீருவேன். அவ அழுவா. அவ அம்மா என்னைப் பார்ப்பா. தினமும் இதே கூத்துதானுங்க."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வெளியூர்ல ஒரு ஸ்கூல், கண்டிப்புக்குப் பேர் போனது. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அவ போக மாட்டேங்கறா. எனக்கும் அனுப்ப மனசில்லை. ஆனா இப்படியே விட்டா அவ வாழ்க்கை என்னாகுமுங்க?"

கண் கலங்கியதை மறைக்க அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெற்ற மனசு. மேலே என்ன பேசினாலும் அடியில் பயம்தான் இருந்தது.

அக்கா எழுந்து கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அங்கே பாய்கள் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது. பாய்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். ஒன்றை மட்டும் சுவரைப் பார்த்து விரித்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு இங்க. தனியா உட்காருங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

அறவாழிக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அக்கா தனி அறை கொடுத்து அவர் பார்த்ததில்லை. தன்னுடைய படி உயர்ந்துவிட்டது என்றே நினைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினார்.

மணி அடித்த சத்தம் கேட்டது. மூச்சைக் கவனித்தார். நன்றாகத்தான் போனது. தன்னைத் தனி அறைக்கு அழைத்துப் போனதை, கொட்டகையில் பக்கத்துப் பாயில் உட்காருகிற பழனிச்சாமி பார்த்திருப்பாரா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விட்டார். அந்தியூர் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுட்டுப்போனது நினைவுக்கு வந்தது. அதை மாற்றினார்களா இல்லையா. கண்ணைத் திறந்தார். சுவரில் சுண்ணாம்பு அடித்தவன் ஓர் இடத்தில் மட்டை இழுத்த கோடு அப்படியே இருந்தது. அரைகுறையாக அடித்திருக்கிறான். மறுபடி கண்ணை மூடினார். பாயின் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருப்பது விரலில் பட்டது. அதை மெதுவாக இழுத்தார்.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, உட்கார்ந்தீங்களா?" அக்காவின் குரல்.

"உட்கார்ந்துட்டனுங்க."

"மனசு நிக்குதுங்களா?"

"இப்பத்தானுங்க கொஞ்சம்..."

"சரி, சரி. சீக்கிரம்."

சீக்கிரம் என்றால் என்ன சீக்கிரம்? அறவாழி மூச்சைத் தேடினார். இந்த முறை மூச்சைவிடக் கதவுதான் அதிகம் கவனத்தில் இருந்தது. காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது வெளியே போய் நின்றுகொண்டது. கை நூலை இழுத்துக்கொண்டே இருந்தது.

மறுபடி தட்டல்.

"ஆச்சுங்களா?"

"இல்லீங்க அக்கா."

"வெளிய எல்லாரும் நல்லா உட்கார்ந்திருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

அறவாழிக்கு முகம் சுட்டது. இந்த வயதில், இத்தனை பேர் காதில் விழும்படி. அக்காவுக்கு இன்றைக்கு என்ன வந்தது? அந்த யோசனையிலேயே மீதி நேரமும் போனது.

மூன்றாவது தடவை அக்கா தட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அறவாழியின் மடியில் பாயின் ஓரம் முழுக்கப் பிரிந்து, நூல் ஒரு குவியலாகக் கிடந்தது.

"உங்களுக்குன்னு தனி ரூம் குடுத்திருக்கு. காத்து வருது. சத்தம் இல்லை. இதுக்கு மேல என்னதான் வேணும் உங்களுக்கு?"

அறவாழி நூல் குவியலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மெல்ல எழுந்தார்.

"பாயைக் கெடுத்துட்டனுங்க."

"பாய் போகட்டும். வந்து கொட்டகையில உட்காருங்க."

வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா அருகில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து மொச்சையை உரிக்கத் தொடங்கினார். தோல் பிரிகிற மெல்லிய சத்தம். பருப்பு முறத்தில் விழுகிற சத்தம். கொஞ்ச நேரம் மனசு அலைந்தது, பிறகு தானாக வந்து படுத்துக்கொண்டது. உச்சி வேளை மணி அடித்தபோதுதான் நேரம் போனதே அவருக்குத் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு அக்கா அவரை அழைத்து உட்காரவைத்தார்.

"ரூம்ல ஏன் மனசு நிக்கலைன்னு நிறைமதியைக் கேட்டிருக்கீங்களா?"

"தினமும் கேக்கறனுங்க."

"என்ன சொல்லுவா?"

"தெரியலப்பாங்கறா."

"நம்புனீங்களா?"

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப உங்களைக் கேக்கறேன். ரூம்ல ஏன் மனசு நிக்கலை?"

அவர் யோசித்துப் பார்த்தார். மனசாட்சிப்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தெரியலீங்க அக்கா."

"நான் நம்பறேன்" என்றார் அக்கா.

பிறகு அக்காவே சொன்னார்.

"இந்த வாரம் அவ படிக்கிறப்ப பக்கத்துல போய் உட்காருங்க."

"என்ன சொல்லிக்குடுக்கணுமுங்க?"

"ஒண்ணும் வேண்டாம். கையில ஒரு வேலையை வெச்சுக்குங்க. அவ நோட்டைப் பார்க்காதீங்க. ஆச்சான்னு கேக்காதீங்க."

"அவ கூப்பிட்டா?"

"கூப்பிட்டா பாருங்க."

"எந்திரிச்சு ஓடிட்டா?"

"நீங்க இருங்க."

"ஹாஸ்டலுக்கு என்ன பதில் சொல்றதுங்க?"

"திங்கக்கிழமைதானே கேட்டாங்க? அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வருமே."

அறவாழிக்கு இது பதிலாகவே படவில்லை. பஸ்ஸில் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். ஆனால் குரு சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் மனைவி சுகந்தியிடம் போய், கையில் வைத்துக்கொள்ள ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார்.

சுகந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கும் வேணும்னா சொல்லுங்க. பூண்டு இருக்குது."

அறவாழி முறத்தோடு மாடிக்கு ஏறினார். நிறைமதி மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் துள்ளி நிமிர்ந்தாள்.

"எழுதிட்டுத்தான்பா இருக்கேன்!"

"எழுது கண்ணு. நான் வெங்காயம் உரிக்க வந்தேன்."

"இங்கயா?"

"கீழ சீரியல் சத்தம்."

"அப்பா, நீங்க சிஐடி வேலைக்குத்தானே வந்திருக்கீங்க?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறவாழி தரையில் சம்மணம் போட்டு உரிக்க ஆரம்பித்தார். சின்ன வெங்காயம் உரிப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுவரை அவருக்குத் தெரியாது. கண் எரிந்தது. மூக்கு ஒழுகியது. நிறைமதி சிரித்தாள்.

"கையைத் தண்ணில நனைச்சுக்கிட்டு உரிங்கப்பா. அம்மா அப்படித்தான் செய்யும்."

அவளே தண்ணீர் எடுக்க எழுந்தாள். போனவள் வரவில்லை. கீழே பூனையோடு பேசுகிற சத்தம் கேட்டது. அறவாழி கத்த வாயைத் திறந்தார். நீங்க இருங்க என்று அக்கா சொன்னது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அந்த வெங்காயம் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

அவள் வந்தாள். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அதை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுதினாள். மறுபடி எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், அப்பா இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். இப்படி எத்தனை முறை என்று எண்ணக்கூடாது என்று அவர் தன்னைத்தானே அடக்கிக்கொண்டார்.

முறம் காலியானபோது அவள் சொன்னாள், "அப்பா, கணக்கு முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"பாருங்க."

பார்த்தார். நடுவில் ஒரு கணக்கை விட்டுவிட்டாள். மற்றதெல்லாம் இருந்தது. அறவாழிக்கு அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போலிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்றார். விட்டுப்போன கணக்கைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு என்ன பாடுபட்டார் என்பது சுகந்திக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பூண்டு. புதன்கிழமை மறுபடி வெங்காயம். மண்டபத்து வகுப்புக்கு இந்த வாரம் வர முடியாது என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருக்கும்போது நிறைமதி நிறையப் பேசினாள். பாதி பாடம், பாதி ஊர்க்கதை. நடுவில் ஒருநாள், எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"நீங்க படியில நின்னீங்கன்னா எப்பக் கத்துவீங்கன்னே காது கேட்டுட்டு இருக்கும்ப்பா. அதுலயே நேரம் போயிரும். இப்ப நீங்க இங்கதானே இருக்கீங்க, அதனால கேக்கத் தேவையில்ல."

அறவாழி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழி வெங்காயத்தின் மேல் போனது.

எல்லாம் இப்படியே போயிருந்தால் இது கதையே இல்லை. வெள்ளிக்கிழமை அவள் அறிவியல் ரெக்கார்டு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்தாள். வருஷம் முழுக்க வரைந்த படங்கள் எல்லாம் அதில்தான். வேனிலா, வகுப்பிலா, கடையிலா, எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தகராறில் பகலெல்லாம் பேச்சு வாங்கிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார் அறவாழி.

"உன்னையெல்லாம் ஹாஸ்டல்ல தள்ளினாத்தான் புத்தி வரும்!" என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ கத்தினார்.

நிறைமதி மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறவாழி கூடத்தில் அங்கும் இங்கும் நடந்தார். நான்கு நாள் கட்டிய சுவரைத் தானே இடித்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார். சுகந்தி முறத்தை நிரப்பி மேசை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கதவுக்கு வெளியே நின்றார்.

"நிறை. கத்திட்டேன். கத்தியிருக்கக்கூடாது. உள்ள வரட்டுமா?"

அவர் அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். முறத்தில் பாதி முடிந்த பிறகு கதவு திறந்தது. அவள் முகம் வீங்கியிருந்தது. வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

"ஹாஸ்டல்ல யாருப்பா பக்கத்துல உட்காருவாங்க?" என்று கேட்டாள்.

ரெக்கார்டு நோட்டு மறுநாள் பள்ளிக்கூடத்து வேனில் சீட்டுக்கடியில் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகளையும் அழைத்துக்கொண்டு ஊசிமலைக்கு வந்தார். நிறைமதி அக்காவுக்கு வணக்கம் சொன்னாள், கொட்டகைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் வெளியே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கொய்யா மரத்தின் உச்சியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அக்கா, இங்கிருந்து பார்த்தா எங்க பஸ் வளையறது தெரியுது!"

"தெரியுமே. கீழ இறங்கறப்ப முதல் கிளை வழுக்கும், பார்த்து" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவர் மடியில் முருங்கைக் கீரை இருந்தது. உருவிக்கொண்டே கேட்டார்.

"எப்படி இருந்துச்சுங்கண்ணா இந்த வாரம்?"

"நான் பக்கத்துல உட்கார்ந்தா படிக்கறாளுங்க. பொய் சொல்லக் கூடாது, நானே எதிர்பார்க்கலை. வியாழக்கிழமை ஆங்கிலம் ஒரு பாடம் முழுக்க முடிச்சா. வெள்ளிக்கிழமை நான்தான் கெடுத்துட்டேன்."

"அப்பறம்?"

"மறுபடி போய் உட்கார்ந்தனுங்க."

அக்கா தலையை ஆட்டினார். கீரைக்காம்பை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"வீட்டுல சிரிப்புச் சத்தம் கேக்குதுங்க" என்றார் அறவாழி. "சுகந்திகூட நேத்து என்னோட நல்லாப் பேசினா. எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"நான் எந்திரிச்சா அவளும் எந்திரிச்சிடறா. நேத்து ஒரு போன் வந்துச்சு, கீழ போயிட்டு வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தா அவ ஜன்னல்ல. நான் உட்கார்ந்ததும் வந்து உட்கார்றா. அப்ப அவ மாறலைதானுங்களே? நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும்தானே இதெல்லாம்?"

அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த ஸ்கூலுக்குப் பதில் சொல்லணும். எனக்கு அவளைப் பிரிய இஷ்டமே இல்லீங்க. ஆனா நான் எத்தனை காலத்துக்குப் பக்கத்துல உட்கார முடியும்? பெரிய பொண்ணாயிட்டு வர்றா. தன்னால உட்கார்ந்து செய்ய வேண்டாமுங்களா? ஆள் பக்கத்துல இருந்தாத்தான் மனசு நிக்கும்னா, அது என்னங்க படிப்பு? அதுக்காகத்தான் ஹாஸ்டல்ங்கிறேன். கஷ்டமா இருந்தாலும் ஒரு வருஷம் தனியா இருந்து பழகிட்டா..."

அக்கா கீரையைக் கீழே வைத்தார். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. சிரிப்பு வரப்போகிற முகமாகத்தான் இருந்தது.

"ஏனுங்கண்ணா, ரெண்டு பஸ் மாறி எத்தனை வருஷமா வர்றீங்க இங்க?"

"அது ஆச்சுங்க, நிறைமதி பால்வாடி போறப்ப இருந்து."

"வீட்டுல தனியா உட்கார்ந்தா இப்ப மனசு நிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"இத்தனை வருஷத்துல நான் உங்களை எந்த ஹாஸ்டல்ல கொண்டுபோய்ச் சேர்த்தேன்?"